நன்கொடை அப்புறம், பாடம் முதலில்

பட்டம் கொடுத்து அனுப்பிய மாணவர்களைக் கொங்கு நாட்டுக் கல்லூரிகள் ஆண்டுக்கொரு முறை விருந்துக்கு அழைக்கின்றன. வகுப்புக்கு எப்போது அழைக்கும்?

கோவை வேளாண் கல்லூரியில் நூறாண்டுகளுக்கு முன் படித்து முடித்தவர்கள், அன்றைய சென்னை மாகாணத்தின் மூலை முடுக்குகளுக்கெல்லாம் வேலைக்குப் போனார்கள். ஒருவர் பெல்லாரியில் இருப்பார், இன்னொருவர் மலபாரில், மற்றொருவர் கோதாவரிக் கரையில். பயிரில் புது நோய் கண்டால் கூப்பிட்டுக் கேட்கத் தொலைபேசி இல்லை. சுற்றுவட்டாரத்தில் இன்னொரு வேளாண் பட்டதாரியும் இருக்க மாட்டார். அப்படியிருந்தும் கல்லூரியோடு அவர்களுக்கிருந்த உறவு அறுந்துபோகவில்லை. படித்துக்கொண்டிருந்தவர்களும் படித்து முடித்தவர்களும் சேர்ந்து 1910களில் 'மெட்ராஸ் அக்ரிகல்சுரல் ஸ்டூடண்ட்ஸ் யூனியன்' என்று ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அந்தச் சங்கம் ஓர் இதழ் நடத்தியது. வயலில் கண்டதைப் பழைய மாணவர் எழுதி அனுப்புவார். ஆய்வகத்தில் கண்டதை ஆசிரியர் எழுதுவார். இரண்டும் ஒரே இதழில் அச்சாகி மாகாணம் முழுக்கப் போகும். ஆண்டுக்கொரு முறை கல்லூரி தினமும் மாநாடும் நடக்கும். திரும்பி வந்த பழைய மாணவர்கள் அங்கே கட்டுரை வாசித்தார்கள், விவாதித்தார்கள். அந்த இதழ் 'மெட்ராஸ் அக்ரிகல்சுரல் ஜர்னல்' என்ற பெயரில் இன்றும் வருகிறது.

பழைய மாணவர் சங்கத்தின் முதல் வேலை கற்பதும் கற்பிப்பதும்தான் என்று அந்த இளைஞர்கள் அன்றே தெளிவாக இருந்தார்கள். தபாலையும் அச்சையும் மட்டும் கொண்டு அதைச் செய்தார்கள். இணையமும் கைப்பேசியும் உள்ள இன்று, கோவையிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் நாமக்கல்லிலும் நிறைந்து கிடக்கும் கல்லூரிகள் அதை எந்த அளவுக்குச் செய்கின்றன?

பேனர், குரூப் போட்டோ, காசோலை

டிசம்பர், ஜனவரி வந்தால் பீளமேட்டிலிருந்து பெருந்துறை வரை கல்லூரி வாசல்களில் வெள்ளி விழா பேட்ச்சை வரவேற்று பேனர் ஏறும். அமெரிக்காவிலிருந்து வந்தவரும் கணபதியிலிருந்து டூவீலரில் வந்தவரும் ஒரே நிற டி-ஷர்ட்டில் நிற்பார்கள். ஹாஸ்டல் மெஸ் கதை, அரியர் கதை, ஆசிரியர்களுக்கு வைத்த பட்டப்பெயர்கள் என்று நேரம் போகும். மதியச் சாப்பாட்டுக்கு முன் முதல்வர் பேசுவார். கட்டப்போகும் கட்டடத்தின் படம் திரையில் வரும். பேட்ச் சார்பில் ஒரு காசோலை மேடையில் கைமாறும்.

இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பணத்தில் எத்தனையோ முதல் தலைமுறைப் பிள்ளைகளின் கட்டணம் கட்டப்பட்டிருக்கிறது. என் வருத்தம் வேறு. இருபத்தைந்து ஆண்டு கழித்து வந்தவரிடம், "உன் தொழிலில் இத்தனை காலத்தில் என்னென்ன மாறியது? அதில் நாங்கள் உனக்குச் சொல்லித் தரக்கூடியது ஏதாவது உண்டா?" என்று கல்லூரி கேட்பதே இல்லை.

கேட்காததற்கு ஒரு காரணம் அளவுகோலிலேயே இருக்கிறது. கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு வழங்கும் நாக் அமைப்பு, முன்னாள் மாணவர் ஈடுபாட்டுக்கென்று தனிப் பிரிவு வைத்திருந்தது. பதிவு செய்த சங்கம் இருக்கிறதா, ஐந்தாண்டுகளில் முன்னாள் மாணவர்களிடமிருந்து எத்தனை லட்சம் ரூபாய் வந்தது என்பவை அதில் இருந்த கேள்விகள். முன்னாள் மாணவருக்குக் கல்லூரி எத்தனை மணி நேரம் பாடம் நடத்தியது என்ற கேள்வி அதில் இருக்கவில்லை. எதை எண்ணுகிறார்களோ அதைத்தான் கல்லூரியும் சேர்க்கும்.

பாடத்துக்கும் வயதாகிறது

இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் மெக்கானிக்கல் படித்துவிட்டு கணபதியிலோ சிட்கோவிலோ பவுண்டரி வைத்தவரை எடுத்துக்கொள்வோம். அவர் தொடங்கும்போது கோக் கரி எரிக்கும் குப்போலா உலை. பிறகு மின்சாரத்தில் ஓடும் இண்டக்ஷன் உலைக்கு மாறினார். கையால் செய்த மரப் பேட்டர்ன் போய், கணினியில் வரைந்து வார்ப்பை முன்கூட்டியே கணித்துப் பார்க்கும் மென்பொருள் வந்தது. இதையெல்லாம் பக்கத்துப் பட்டறைக்காரரிடமும் இயந்திரம் விற்க வந்தவரிடமும் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டார். இப்போது வந்திருப்பது அப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயமாக இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் தொடங்கிய கார்பன் எல்லை ஏற்பாடு, இரும்பு, எஃகு, அலுமினியப் பொருள்களைச் செய்யும்போது எவ்வளவு கரியமில வாயு வெளியானது என்று கணக்குக் கேட்கிறது. 2026 முதல் அந்தக் கணக்குக்கு அங்கே இறக்குமதி செய்பவர் பணமும் கட்ட வேண்டும். அவர் இங்குள்ள வார்ப்படக்காரரிடம்தான் கணக்கைக் கேட்பார். எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை டன் பழைய இரும்பு, அதை எந்த முறையில் கணக்கிடுவது? இது எந்தப் பழைய பாடத்திட்டத்திலும் இல்லை. அவர் படித்த கல்லூரியில் இன்று இதைச் சொல்லித் தரக்கூடிய ஆசிரியர் இருப்பார். இருவரும் சந்திக்க வழிதான் இல்லை.

திருப்பூர் இதைவிடக் கடுமையாக அடிபட்டது. நொய்யலில் சாயக்கழிவு கலந்த வழக்கில், கழிவை முழுவதும் நிறுத்தாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. ஒரு சொட்டு நீரும் வெளியே விடாமல் சுத்திகரிப்பது, சவ்வூடு பரவலில் மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி உப்பை மீட்பது என்று ஒரு முழுத் தொழில்நுட்பத்தை அந்த ஊர் நெருக்கடியில் நின்றுகொண்டு கற்றது. ஜவுளித் தொழில்நுட்பமும் வேதியியலும் படித்த எத்தனையோ பேர் அந்தப் பட்டறைகளில் இருந்தார்கள். அவர்கள் படித்த காலத்தில் சாயம் ஏற்றுவதுதான் பாடம்; சாயத்தண்ணீரை என்ன செய்வது என்பது பெரிதாகப் பேசப்படவில்லை. மறுபடி வகுப்புக்கு வர அவர்களுக்கு ஒரு வழி முன்பே இருந்திருந்தால், நீதிமன்றம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

வேளாண்மையிலும் இதே நிலைதான். பப்பாளி மாவுப்பூச்சியை இந்தியாவில் முதன்முதலில் கண்டது 2008-இல், நம் கோவையில். பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று பரவிய அந்தப் பூச்சியை அடக்க, அதன் மேல் வாழும் ஒட்டுண்ணிக் குளவியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து 2010-இல் விட்டார்கள். அது பெரிய வெற்றி. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது. 1990-இல் பி.எஸ்சி. அக்ரி முடித்து ஆனைமலையில் உரக்கடை வைத்திருப்பவருக்கு இந்த இரண்டும் பாடப்புத்தகத்தில் இல்லாதவை. விவசாயி முதலில் அவரிடம்தான் வந்து ஓலையைக் காட்டுவார். அவருக்குத் தெரியாவிட்டால் கைக்குக் கிடைத்த பூச்சிமருந்தை எடுத்துக் கொடுப்பார். நன்மை செய்யும் குளவியும் அதில் சாகும்.

இந்த ஊரின் பழைய பழக்கம்

வேலை பார்த்துக்கொண்டே படிப்பது கொங்கு நாட்டுக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கியபோது, கொடை தந்து அதன் முதல்வராகவும் இருந்தவர் ஜி.டி.நாயுடு. நான்கு ஆண்டுப் படிப்பு காலவிரயம், இரண்டு ஆண்டு போதும் என்று அவர் வாதாடினார். அரசு ஒப்புக்கொள்ளவில்லை, பதவியை விட்டு விலகினார். குறுகிய காலத்தில் படித்து, தொழிலுக்குப் போய், தேவைப்படும்போது மீண்டும் படிக்கலாம் என்று இன்று உலகம் பேசுவதற்குப் பக்கத்தில் வரும் யோசனை அது.

பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-இல் பீளமேட்டில் பிறந்தபோது பக்கத்திலேயே தொழிற்கூடம் இருந்தது. வகுப்பும் பட்டறையும் மாறி மாறி வரும் சாண்ட்விச் படிப்பு அங்கே பெயர் பெற்றது. அதன் முதல் முதல்வர் ஜி.ஆர்.தாமோதரன், கல்லூரிக்கு வர முடியாதவர்களுக்காகக் 'கலைக்கதிர்' என்ற தமிழ் அறிவியல் இதழையும் நடத்தினார். டிப்ளமோ முடித்து மில்லிலும் மோட்டார் கம்பெனியிலும் ஷிப்ட் பார்த்தவர்கள் மாலையில் வந்து பகுதிநேர பி.இ. படித்தது இந்த ஊரின் பெரிய சாதனை. ஏழு மணி வகுப்புக்கு எண்ணெய்க் கையோடு வந்து உட்கார்ந்தவர்கள் பின்னாளில் கம்பெனி முதலாளிகள் ஆனார்கள்.

கோதவாடி கிராமத்து மயில்சாமி அண்ணாதுரையைப் பாருங்கள். அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் பி.இ., பி.எஸ்.ஜி.யில் எம்.இ. முடித்து இஸ்ரோவுக்குப் போனார். 2008-இல் நிலாவுக்குப் போன சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர் அவர். முனைவர் பட்டத்துக்காக மறுபடி கோவையின் அண்ணா பல்கலைக்கழகத்துக்கே வந்தார். எச்.சி.எல். தொடங்கிய ஷிவ் நாடார் பி.எஸ்.ஜி. மாணவர். மோகனூரில் அரசுப் பள்ளியில் படித்து டாடா சன்ஸ் தலைவரான நடராஜன் சந்திரசேகரன் கோவை இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி (சி.ஐ.டி.) மாணவர். இவர்கள் படங்கள் கல்லூரி வரவேற்பறைகளில் தொங்குகின்றன, தொங்கட்டும். ஆனால் கல்லூரியின் துணை அதிகம் தேவைப்படுவது படம் மாட்டப்படாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு.

கருவி இருக்கிறது, கதவுதான் சாத்தியிருக்கிறது

ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டெல். பாடங்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். 2017-இல் மத்திய அரசின் ஸ்வயம் இணையப் பாடத் தளம் வந்தது. எட்டிமடை அமிர்தா பல்கலைக்கழகம் உருவாக்கிய ஏ-வியூ மென்பொருள் வழியாக நாடெங்கும் உள்ள பொறியியல் ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் பயிற்சி பெற்றார்கள். அதே அமிர்தா இப்போது முழுப் பட்டப் படிப்புகளையே இணையத்தில் நடத்துகிறது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 2005-இல் திறந்தவெளி, தொலைதூரக் கல்வி இயக்ககம் தொடங்கித் தமிழிலேயே சான்றிதழ்ப் படிப்புகள் நடத்துகிறது. அதன் வேளாண் இணையதளம் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. 2021-இல் தொடங்கிய கல்விக் கிரெடிட் வங்கியில், இன்று படித்த ஒரு பாடத்தின் மதிப்பை ஏழு ஆண்டுவரை சேர்த்து வைக்கலாம்.

இத்தனை இருந்தும், படித்த கல்லூரி மட்டும் இந்தப் படத்தில் இல்லை. இங்குள்ள கல்லூரிகள் என்.பி.டெல். உள்ளூர் மையங்களாக இருந்து இன்றைய மாணவர்களை ஆயிரக்கணக்கில் தேர்வெழுத வைக்கின்றன. பழைய மாணவர்களுக்கு அழைப்பு போவதில்லை. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் கல்லூரியில் இருக்கும் பிள்ளைகளை நினைத்தே அமைந்தது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 13,000 ஆய்விதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் கிடைக்கின்றன. அதே அரசுக் கல்லூரியில் சென்ற ஆண்டு படித்து முடித்தவருக்குக் கிடையாது.

மாணவர்களுக்குக் கல்லூரி கொடுக்கும் மின்னஞ்சல் கணக்கு விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் பெரிய இழப்பு அதில்தான் நடந்தது. கல்லூரிகளுக்கு வரம்பில்லாமல் சேமிப்பிடம் கொடுத்துவந்த கூகுள், 2022 முதல் ஒரு நிறுவனம் முழுமைக்கும் 100 டெராபைட் என்று அடிப்படை வரம்பு வைத்தது. இடத்தை மிச்சப்படுத்த முதலில் கண்ணில் படுவது படித்து முடித்தவர்களின் கணக்குதான். கணக்கை மூடியதும் முகவரி போய்விடுகிறது. வெள்ளி விழா வரும்போது வாட்ஸ்அப்பில் ஒருவரைப் பிடித்து இன்னொருவரைத் தேடுகிறார்கள்.

கொரோனா காலத்தில் வெபினார்கள் குவிந்தன. வெளிநாட்டு முன்னாள் மாணவர் ஒருவர் ஒரு மணி நேரம் பேசுவார்; பார்த்தவர்களுக்கெல்லாம் மின்-சான்றிதழ் வரும்; அறிக்கையில் ஒரு வரி சேரும். பேசியவரும் ஒன்றும் கற்கவில்லை, கேட்டவரும் அடுத்த வாரம் திரும்பி வரவில்லை. தொடர்ச்சி இல்லாத பேச்சு பாடமாகாது. "சர்ட்டிபிகேட் கிடக்கட்டுங்க, இது வேலைக்காகுமா?" என்பதுதான் இந்த ஊர்க்காரர் கேட்கும் கேள்வி. அது நியாயமான கேள்வி.

மற்றவர்கள் செய்தது

ஹார்வர்டில் கிரிகரி நாகி என்ற பேராசிரியர் 1970களிலிருந்து பழங்கிரேக்க வீரர் கதைகளைப் பாடமாக நடத்திவந்தார். அதில் ஏறத்தாழ 10,000 மாணவர்கள் படித்திருந்தார்கள். 2013-இல் அந்தப் பாடம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்தபோது, அதே வகுப்பில் முன்பு படித்தவர்களைக் கல்லூரி கூப்பிட்டது. பணம் கேட்கவில்லை, புதிதாகச் சேர்ந்தவர்களின் விவாதங்களை வழிநடத்த நேரம் தரச் சொன்னது. அதற்காக அவர்கள் பழைய பாடத்தை மறுபடி படிக்க வேண்டியிருந்தது.

இணையப் பாடங்களின் பலவீனத்துக்கு இதில் ஒரு மருந்தும் இருக்கிறது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் இணையத்தில் நடத்திய முதல் 17 பாடங்களுக்கு 8.4 லட்சம் பதிவுகள் வந்தன. வழங்கிய சான்றிதழ்கள் 43,000 சொச்சம். முகம் தெரியாத கூட்டத்தில் நாம் விட்டுவிட்டுப் போனால் கேட்க ஆளில்லை. ஒரே பேட்ச்சில் படித்தவர்கள் அப்படி விடமாட்டார்கள். "டேய், நேத்து ஏன் வரல?" என்று கேட்க அங்கே நாலு பேர் இருப்பார்கள். கொங்கு நாட்டுக் கல்லூரிகளின் கையில் இருக்கும் சொத்து இந்த உறவுதான். ஐ.ஐ.டி.யின் பாடம் இலவசமாகக் கிடைக்கும். கூடப் படித்தவனின் அதட்டல் அங்கே கிடைக்காது.

இன்னும் ஒரு படி மேலே போனது, நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூர். அங்குள்ள தேசியப் பல்கலைக்கழகம் 2018-இல், சேர்ந்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு ஒருவரின் மாணவர் பதிவு செல்லும் என்று அறிவித்தது. பட்டம் நடுவில் வரும் ஒரு கட்டம்தான். அதற்குப் பிறகும் அவர் மாணவரே. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ராஸ் வணிகப் பள்ளி, தன் முன்னாள் மாணவர்களுக்கு நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை.

வீட்டுக்குள் நின்றுபோன பட்டங்கள்

கொங்கு நாட்டில் ஒரு தலைமுறைப் பெண்கள் நன்றாகப் படித்தார்கள். 1957-இல் தொடங்கிய அவினாசிலிங்கம் கல்லூரி ஒரு பக்கம், 1980களுக்குப் பிறகு ஊருக்கு ஊர் எழுந்த பொறியியல் கல்லூரிகள் மறுபக்கம். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய பெண், கல்யாணமாகிக் குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள், அல்லது வேலைக்கே போகவில்லை. பத்தாண்டு கழித்துத் திரும்ப நினைக்கும்போது அவள் கற்ற கணினி மொழி பழையதாகியிருக்கும். நேர்காணலில் "இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்பார்கள்.

இணைய வகுப்பால் அதிகப் பயன் இவர்களுக்குத்தான் என்று உறுதியாகச் சொல்வேன். குழந்தை பள்ளிக்குப் போன நேரத்தில், வீட்டை விட்டு நகராமல், தன்னைத் தெரிந்த ஆசிரியரிடம், தன்னோடு படித்த தோழிகளோடு எட்டு வாரம் படிக்க முடிந்தால் அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருக்கும். பெண் முன்னாள் மாணவர்களில் எத்தனை பேர் வேலையில் இல்லை என்ற பட்டியலைக்கூடப் பல கல்லூரிகள் எடுத்ததில்லை. முதலில் அதை எடுக்கட்டும்.

கலைக் கல்லூரிகளில் படித்தவர்களையும் மறந்துவிடக் கூடாது. கோபியிலும் ஈரோட்டிலும் ராசிபுரத்திலும் பி.காம்., பி.ஏ. முடித்துக் கணக்கெழுதப் போனவர்களுக்கு, 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது யார் சொல்லித் தந்தார்கள்? பெரும்பாலும் யூடியூப். அவர்களுக்குத் தமிழில் நடத்த வேண்டும். தமிழில் சொன்னால் தரம் குறையும் என்று நினைக்கும் பேராசிரியர்கள், வேளாண் பல்கலைக்கழகம் தமிழில் செய்திருப்பதைப் பார்க்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

பெரிய ஸ்டுடியோ வேண்டாம், கோடிக்கணக்கில் செலவும் வேண்டாம். ஒவ்வொரு துறையும் ஆண்டுக்கு ஒரு பாடம், எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள் மாலை ஏழரை மணிக்கு. எந்தப் பாடம் என்பதை முன்னாள் மாணவர்களே சொல்லட்டும். பாதியை ஆசிரியர் நடத்தட்டும். மீதியை அந்தத் தொழிலில் கை பழகிய முன்னாள் மாணவர் நடத்தட்டும். கழிவுநீரைச் சுத்திகரித்துக் காட்டிய திருப்பூர்க்காரருக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை இன்றைய மாணவர்களும் கூட உட்கார்ந்து கேட்கலாம். முதல் பாடத்துக்குக் கட்டணம் வேண்டாம். படித்து முடித்தவருக்கு மின்னஞ்சல் முகவரியை மட்டுமாவது, குறைந்த இடத்தோடு, வாழ்நாள் முழுக்க விட்டுவையுங்கள். அரசுக் கல்லூரிகளின் ஆய்விதழ்ச் சந்தாவில் முன்னாள் மாணவர்களையும் சேர்க்கச் சொல்லி நம் பல்கலைக்கழகங்கள் மத்திய அரசிடம் கேட்கட்டும். ஈடுபாட்டை ரூபாயில் அளந்த நாக் அமைப்பு, பாடம் நடந்த மணி நேரத்தையும் படிவத்தில் ஒரு கட்டத்தில் எழுதச் சொல்லட்டும்.

இப்படிச் செய்தால் நன்கொடை குறைந்துவிடுமோ என்று நிர்வாகங்கள் அஞ்ச வேண்டியதில்லை. தன் தொழிலைக் காப்பாற்றிக் கொடுத்த கல்லூரிக்குக் கொங்கு நாட்டுக்காரர் கொடுக்காமல் இருக்கமாட்டார்.

வாசகர்களில் பட்டதாரிகளாக இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு உங்கள் கல்லூரியிலிருந்து சந்திப்புக்கு அழைப்பு வந்தால் போய் வாருங்கள், முடிந்ததைக் கொடுத்து வாருங்கள். காசோலையைக் கொடுக்கும்போது, உங்கள் தொழிலில் இன்று உங்களுக்குப் புரியாத ஒரு விஷயத்தைத் தாளில் எழுதி, உங்கள் துறைத் தலைவரின் கையில் கொடுத்து, இதற்கு ஒரு வகுப்பு எப்போது நடத்துவீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லும்வரை கேளுங்கள்.